கியர் பிடியும் பிடி கொடுக்காத குழுவும்

மனித குலத்தின் மாபெரும் சாதனை சக்கரம் என்று சொல்பவர்கள், அந்தச் சக்கரத்தைப் பதினோரு மாதம் ஓட விடாமல் நிறுத்தி வைத்துச் சிந்தித்த எங்கள் குழுவைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள். உருளுவது சக்கரத்தின் இயல்பு, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. உருளாமல் வைத்திருக்கத்தான் கூட்டு முயற்சி தேவை. அந்த முயற்சியின் செயலாளர் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது என் கடமை.

குழுவின் பெயர் 'கியர் பிடித் தேர்வுக் குழு'. தலைவர் என் அத்தான், அக்காவின் கணவர். அலுவலகத்தில் ஒரு பெரிய பிரிவுக்கு மேலாளர். எந்தக் கோப்பு வந்தாலும் "இதை இன்னும் கொஞ்சம் ஆழமா பார்க்கணும்" என்று சொல்லியே மூன்று பதவி உயர்வு வாங்கியவர். உறுப்பினர், பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். பழைய கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது, ஓட்டுவதைத் தவிர. செயலாளர் நான். அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்ததைத் தவிர வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

அக்காவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கார் அவளுடையது. எங்கள் அப்பா ஓட்டிய கார். உருண்டை விளக்கு, முன்னால் சோபா மாதிரி ஒரே நீளச் சீட்டு. இருபது வருடமாக அக்காதான் ஓட்டினாள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரைச் சுற்றியுள்ள நீர்த்தொட்டிகளுக்கெல்லாம் போய், பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வந்து சோதிப்பாள். ஒரு நாள் தொட்டிப் படியில் வழுக்கி விழுந்து, இடது முட்டி போய்விட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு நடக்க முடிந்தது, கால் சரியாக மடங்கவில்லை. இனிமேல் கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காரை விற்றுவிடலாம் என்றாள் அக்கா. சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"விக்கிற பேச்சே வேண்டாம்," என்றார் அத்தான். "அதே கார்ல ஆட்டோமேட்டிக் கியர் போடுறோம். நீ ஓட்டுற."

கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அத்தான் யோசிக்காமல் எடுத்த ஒரே முடிவு அது. அன்று அக்கா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தாள்.

மெக்கானிக் கொஞ்சம் அவசரக்காரர். அடிபட்டு வந்த ஒரு வேனின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை எடுத்து, எங்கள் காருக்குள் ஏற்றி, கிளட்ச் பெடலைக் கழற்றி எறிந்து, ஆறே நாளில் வேலையை முடித்துவிட்டார். பொறுப்புள்ள மனிதர் செய்கிற காரியமா இது? மிச்சம் இருந்தது, ஓட்டுபவர் கையால் தள்ளுகிற பிடி ஒன்றுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே தண்டு மாதிரி வைக்கலாம், அல்லது தரையில் பெட்டி வைத்து அதில் கம்பி நிறுத்தலாம். கியர்பாக்ஸில் எத்தனை நிலை உண்டோ அத்தனையும் பிடியில் இருக்க வேண்டும், கேபிள் சைலன்சர் குழாய்ப் பக்கம் போகக் கூடாது, பார்க்கிங்கிலும் நியூட்ரலிலும் மட்டும்தான் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று விளக்கினார்.

"மத்தபடி ஓட்டுறவங்க கைக்கு எது வசதியோ அது சார். ஞாயித்துக்கிழமை சொன்னீங்கன்னா, திங்கக்கிழமை மேடம் வண்டிய எடுத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குழு அமைத்தோம்.

முதல் கூட்டம் முழுவதும் அந்தப் பொருளை 'பிடி' என்பதா, 'கைப்பிடி' என்பதா, 'நெம்புகோல்' என்பதா என்ற அடிப்படைக் கேள்வியில் போனது. இரண்டாவது கூட்டத்தில் அத்தான் தரையில் வைக்கிற பளபளக் கம்பியின் படத்தைக் காட்டி, விமானம் ஓட்டுபவர் கையில் இருப்பதும் இதே மாதிரிதான் என்றார். எந்த விமானம் என்று நாங்கள் கேட்கவில்லை. பல் டாக்டருக்குப் பொத்தான்தான் வேண்டும். பொத்தானை அமுக்கினால் நாற்காலி சாய்கிறது, பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிறது, அவர் கிளினிக்கில் இதுவரை எந்த நோயாளியும் ஆட்சேபித்ததில்லை. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு எப்படி ஆட்சேபிப்பார்கள் என்று அத்தான் கேட்டார். கூட்டம் தேநீருக்காக ஒத்திவைக்கப்பட்டது.

மூன்றாவது கூட்டத்தில் எடுத்த முடிவை நான்காவது கூட்டம் ரிவர்ஸில் போட்டது. நான் எல்லாக் கூட்டத்திலும் நியூட்ரல். பிடிக்காக வாதம் செய்வதற்குப் பெயர்தான் பிடிவாதம் என்பது எனக்கு ஐந்தாவது கூட்டத்தில் விளங்கியது. பிடியைப் பற்றிக் கடைசி வரை பிடி கொடுக்காமல் பேச முடியும் என்பது ஆறாவதில் விளங்கியது.

பிடியின் தலையில் வரும் குமிழுக்கு மட்டும் மூன்று மாதம். உருண்டையா, சுத்தியல் தலை போலா, மரமா, உலோகமா? அத்தான் நான்கு மாதிரிகள் வரவழைத்து, ஒவ்வொன்றையும் 'பழகிப் பார்த்தார்'. டிவி பார்க்கும்போது இடது கையில் ஒரு குமிழ் இருக்கும். அலுவலகத்துக்கும் எடுத்துப் போனார். மேசையில் அதைத் திருகியபடியே அவர் யோசிப்பதைப் பார்த்து, மேலிடமே அசந்துபோனதாகக் கேள்வி. சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்கும்போது அக்கா அந்தக் குமிழ்களை ஓரமாகத் தள்ளி வைப்பாள்.

ஏழாவது கூட்டத்துக்கு மெக்கானிக்கைச் 'சிறப்பு அழைப்பாளராக' வரவழைத்தோம். அவர் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மேடத்தை ஒரு தடவை வண்டிக்குள் உட்கார வைத்துப் பார்த்தீர்களா என்று விசாரித்தார். அதற்குப் பெயர் 'பயனாளர் கருத்து' என்றும், தேர்வு முடிந்த பிறகே அது கோரப்படும் என்றும் அத்தான் பொறுமையாக விளக்கினார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி என்பதால் நான் அதைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

இதற்கிடையில் அக்காவின் அலுவலகத்தில் அவளை மேசை வேலைக்கு மாற்றியிருந்தார்கள். தொட்டிகளுக்கு வேறொருத்தர் போனார். "எவரோ புடிச்சிட்டு வர்ற தண்ணிக்கு நான் கையெழுத்து போடுறேன்டா," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் எழுந்தேன். கார் எப்போது வரும் என்று முதலில் வாரம் ஒரு தடவை கேட்டாள். பிறகு மாதம் ஒரு தடவை. பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். குழுவின் மேல் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பதினான்காவது கூட்டத்தில், தரையில் வைக்கிற பெட்டியும் கம்பியும் என்று முடிவானது. குமிழ் தன் விருப்பப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பல் டாக்டர் பொத்தானைத் தியாகம் செய்தார். பொருள் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை காலை, அத்தான் அதைப் பிறந்த குழந்தை போல இரண்டு கையிலும் ஏந்திக்கொள்ள, மூவரும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம்.

கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

"மேடம் செவ்வாய்க்கிழமையே எடுத்துட்டுப் போயிட்டாங்களே சார்," என்றார் மெக்கானிக், கையைத் துடைத்தபடி.

விஷயம் இதுதான். அந்த வாரத்துக்குள் வண்டியோடு வந்து வெளி வேலையில் சேராவிட்டால், அக்காவின் இடம் நிரந்தரமாக அந்த வேறொருத்தருக்கு என்று திங்கட்கிழமை கடிதம் வந்திருக்கிறது. அதை அவள் எங்களிடம் காட்டவில்லை, மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறாள். கியர்பாக்ஸ் கொடுத்த அதே வேனில், ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த தண்டை அவர் எடுத்துக்கொடுத்தார். அக்கா சீட்டில் உட்கார்ந்து, கையை இரண்டு தடவை நீட்டி மடக்கிப் பார்த்து, இதுவே போதும் என்றாளாம். மத்தியானத்துக்குள் பொருத்தியாகிவிட்டது. ராத்திரியில் காரைப் பரிசோதனைக் கூடத்திலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்ததால், குழுவின் கண்ணில் அது படவில்லை.

நாங்கள் நிற்கும்போதே கார் உள்ளே வந்தது. நாலு நாள் ஓட்டியதும் கேபிளைச் சரிபார்க்க வரச் சொல்லியிருந்தாராம். பின்சீட்டில் தண்ணீர் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. அக்கா வெயிலில் கறுத்திருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

அத்தான் முகத்தில் கோபம் இல்லை. ரயில் போன பிறகு பெட்டியோடு பிளாட்பாரத்தில் நிற்பவர் முகம்.

"நாங்க முடிவு பண்ணிட்டோமே," என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா அவரையும் கையில் இருந்ததையும் பார்த்தாள். "சரி, அது வர்ற இடத்துல வச்சுக் காட்டுங்க."

அத்தான் மறுபக்கக் கதவைத் திறந்து, குனிந்து, பெட்டியை ஓட்டுபவர் பக்கத்துத் தரையில் வைத்தார். கிளட்ச் பெடல் இருந்த இடத்தில் அக்கா இடது காலை நீட்டி வைத்திருந்தாள். அப்படி நீட்டினால்தான் வலிக்காது. பெட்டியின் விளிம்பு நேராக அந்தக் காலின் மேல்தான் வந்து நின்றது. அக்கா காலைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள். சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். மூன்றாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே அத்தான் பெட்டியை வெளியே எடுத்துவிட்டார்.

"கால் நீட்டணும்ங்க," என்றாள் அக்கா, மெதுவாக.

பல் டாக்டர் வானத்தைப் பார்த்தார். இந்தக் காலுக்காகத்தானே எல்லாமே ஆரம்பித்தது, இது எப்படி விட்டுப்போகும், எங்கேயாவது பேசியிருப்போம் என்று அத்தான் என் பக்கம் திரும்பினார். "குறிப்பேட்டைப் பாரு."

பார்த்தேன். இரண்டு நோட்டு, பதினான்கு கூட்டம். குமிழின் சுற்றளவு பதினோரு இடத்தில் இருந்தது. பளபளப்பு பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. கிளினிக் நாற்காலி ஏழு இடத்தில் இருந்தது. அவள் முட்டியை மட்டும் காணவில்லை.

தப்பாகச் சொல்லக் கூடாது. 'முட்டி' என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், என் கையெழுத்தில்: 'உறுப்பினர்கள் மூவரும் முட்டி மோதி, ஒருமனதாக முடிவெடுத்தார்கள்.'