சாப்பாட்டுப் பேய்க்கதை மூன்று

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று நூலகர் சபதம் எடுத்தார். எடுக்கும்போது கையில் வெங்காயம், கண்ணில் தண்ணீர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவிக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. "இந்த ஞாயிறு சமையலை நான் பாத்துக்கறேன்" என்று வாயை விட்டார். சுளுக்கு மறுநாளே போய்விட்டது. ஞாயிறு மட்டும் அவர் தலையிலேயே தங்கிவிட்டது. ஆறு நாள் நூலகத்தில் ஏணி ஏறி இறங்கி முதுகு ஒடிகிறது. ஏழாம் நாளாவது சாய்வு நாற்காலியில் காலை நீட்டி ஒரு புத்தகம் படிக்க வேண்டாமா? மனுஷன் கேட்டது அவ்வளவுதான். பாவம், களைத்துப் போயிருந்தார்.

"முடியாது" என்று மனைவியிடம் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. யாருக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும் என்ற சாமர்த்தியம் மட்டும் உண்டு. தன் கையால் சாப்பிடவே அவள் பயந்துவிட்டால்? அப்புறம் அவளேதான் சமைத்தாக வேண்டும். மறுநாள் திகில் அலமாரியிலிருந்து மூன்றைப் பொறுக்கி எடுத்து வந்தார்.

"பன்னண்டு வருஷத்துல ஒரு புத்தகம் படின்னு சொன்னதில்லே. இன்னிக்கு மூணா?" என்றாள் மனைவி.

"ஆசையா எடுத்துட்டு வந்தேம்மா."

"என்ன கதை?"

"முதல்ல ஒரு ஹோட்டல். சூப் பிரமாதம். சாப்பிட வர்றவங்கதான் ஒவ்வொருத்தரா காணாமப் போறாங்க. ரெண்டாவதுல ஒரு விருந்து. விருந்தாளிதான் கறி. மூணாவது..." குரலைத் தாழ்த்தினார். "புருஷன் சமைக்கிறான், பொண்டாட்டி சாப்பிடுறா. தெருவுல ஆள் குறைஞ்சுக்கிட்டே வருது."

ஒன்றை மட்டும் அவர் மறந்துவிட்டார். அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். முதல் கதையைச் சாப்பிட்டுக்கொண்டே படித்தாள்.

"இந்தக் கத்தியால தொடை எலும்பை வெட்ட முடியாதுங்க. ரம்பம் வேணும். எழுதினவருக்கு விவரம் பத்தலே."

நூலகருக்குத்தான் வாயில் போட்டது இறங்கவில்லை.

ஆனால் வியாழக்கிழமை, மூன்றாவது புத்தகத்தை மூடிவிட்டு, அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இனிமே உங்க கையால சாப்பிட எனக்குப் பயமா இருக்குங்க."

"அடடா!" என்றார் நூலகர். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார்.

வெள்ளிக்கிழமை அவளே நூலகத்துக்கு வந்து புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தாள். திருப்பித் தருகிறவர்கள் பின்னட்டைத் தாளில் நாலு வரி அபிப்பிராயம் எழுத வேண்டும் என்பது நூலகரே போட்ட சட்டம். அவளும் மூன்றிலும் எழுதினாள். வழக்கமாக அவர் அதையெல்லாம் வரிவிடாமல் படிப்பார். அன்றைக்கு இருந்த அலுப்பில் பிரிக்காமலே சிபாரிசு அலமாரியில் வைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் மூன்றும் போய்விட்டன. சனிக்கிழமை திரும்பி வந்து, அவர் அப்போதும் பிரிக்காமலே, வேறு மூன்று பேரோடு போயின. நம் சிபாரிசுக்கு இவ்வளவு மவுசா என்று அவருக்கே ஆச்சரியம்.

ஞாயிறு காலை பத்து மணி. நூலகர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி முதல் பக்கத்தைத் திறந்தார். வாசல் மணி அடித்தது.

வெளியே ஆறு பேர். முன்னால் தபால்காரர்.

"சமையல் ஆரம்பிச்சாச்சா சார்?"

"என்ன சமையல்?"

தபால்காரர் புத்தகத்தின் பின்னட்டையை விரித்துக் காட்டினார். மனைவியின் குண்டு குண்டான கையெழுத்து: 'இதைப் படித்தபின் சாப்பாடு இறங்காதவர்கள் ஞாயிறு பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு வரவும். நூலகரான என் கணவர் உங்கள் கண்ணெதிரிலேயே சமைத்துப் போடுவார். பயம் தெளியும்.'

நூலகர் உள்ளே ஓடினார். "என் கையால சாப்பிட மாட்டேன்னு சொன்னியே!"

"நான் சாப்பிட மாட்டேன்னுதான் சொன்னேன். நீங்க சமைக்க வேணாம்னு எப்பங்க சொன்னேன்? வந்தவங்களை நிக்க வெக்காதீங்க, போங்க."

ஆறு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நூலகர் வெங்காயத்தைக் கையில் எடுத்தார். இந்தத் தடவை கண்ணில் தண்ணீர் வர அதை நறுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

கூடத்தில், அவருடைய சாய்வு நாற்காலியிலிருந்து, பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. கூடவே குரலும் வந்தது.

"என்னங்க, எனக்கும் பயம் தெளிஞ்சுடுச்சு. ஒரு தட்டு இங்கே கொண்டு வாங்க."