வாழையிலை வெளிச்சம்

எனக்கு வயது எண்பத்தாறு. பெற்றது ஏழு, பெறாமல் வளர்த்தது இரண்டு, ஆக ஒன்பது பேரை ஆளாக்கினவள். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும். பத்திரிகையில் வாரா வாரம் பெரிய மனிதர்கள் படம் போடுகிறீர்கள். எங்கள் லைட்டு மாஸ்டருக்கு ஈடாக அதில் ஒருவரைக் காட்டுங்கள், நான் பேனாவைக் கீழே வைத்து விடுகிறேன். சூரியனையே இப்படி வா, அப்படித் திரும்பு என்று வேலை வாங்கின மனிதர் இந்த மலாயாவில் அவர் ஒருவர்தான்.

ஜப்பான்காரன் காலம் அது. லிங்கிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். பால்வெட்டு நின்று போய், மரவள்ளிக் கிழங்கு நட்டு அதையே மூன்று வேளையும் தின்று கொண்டிருந்தோம். ஒரு நாள் சிரம்பானிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார் இவர். அங்கே ஒரு படக்கொட்டகையில் மெஷின் ரூமில் இருந்தவராம், கொட்டகையை மூடி விட்டார்களாம். மூட்டையில் துணிமணி இருக்கும் என்று நினைத்தோம். ஒரு நிலைக்கண்ணாடி, சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடித் துண்டுகள், ஒரு தகரம். மாற்று வேட்டி கிடையாது.

ஒரே படத்தை நூறு தடவை ஓட்டினவர், ஆனால் கதை கேட்டால் தெரியாது. கதாநாயகி எப்படி இருப்பாள் என்று ஆசையாகக் கேட்டேன். யாரோ ஒரு பெண் வரும், அது கிடக்கட்டும், அவள் இடது கன்னத்தில் வெளிச்சம் விழும் பார் என்று ஆரம்பித்து விட்டார். நடிகன் அழுவதில்லை, வெளிச்சம்தான் அழுகிறது என்பார். கீழேயிருந்து அடித்தால் நல்லவனும் பேய், மேலேயிருந்து அடித்தால் பேயும் சாமி. சத்தம் வரும்போது பயம் வராது, வந்த சத்தம் சட்டென்று நிற்கும்போதுதான் வரும். இதெல்லாம் கிழங்கு தோண்டுகிற இடத்தில் எங்களுக்கு நடந்த பாடம்.

யார் வீட்டுக்கு வந்தாலும் உட்காருவதற்கு முன் விளக்கை இடம் மாற்றுவார். எங்கள் வீட்டில் ஒரு நாள் கிழங்கு வைத்துக் கொடுத்தேன். தட்டைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இந்த வெளிச்சத்துல கிழங்கு கிழங்காவே தெரியுதும்மா."

விளக்கைத் தூக்கி என் முதுகுப் பக்கம் வைத்தார், முன்னால் சிவப்புக் கண்ணாடியைப் பிடித்தார். சூடான சட்டியில் தண்ணீரை விரலால் தெளிக்கச் சொன்னார். சொய்ங் என்று சத்தம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் கறி வறுவல் தின்றேன். எங்கள் வீட்டுக்காரர் எலும்பைத் தேடினார்.

பெரிய கங்காணி செத்தபோது இன்னும் வேடிக்கை. அந்த மனிதரிடம் அடி வாங்காதவர், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் இல்லை. ஒருத்திக்கும் கண்ணீர் வரவில்லை, ஒப்புக்கு மாரடித்துக் கொண்டிருந்தோம். மாஸ்டர் போய்ப் பறையடிக்கிறவரின் கையைப் பிடித்து நிறுத்தினார். எங்களையும் வாயை மூடச் சொன்னார். எல்லாம் அடங்கிப் போன பிறகு, எங்கேயோ ஒரு ரப்பர் காய் வெடித்து விதை தகரக் கூரையில் உருண்டது. அவ்வளவுதான். லயமே குலுங்கிக் குலுங்கி அழுதது. கங்காணிக்காக இல்லை, அந்த விதைக்காக. ஆனால் கங்காணி வீட்டம்மா சாகும்வரை அதைப் பெருமையாகச் சொன்னாள்.

இப்படிச் சிரித்துக் கொண்டிருந்த நேரத்தில்தான் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி ஒரு காகிதத்தோடு வந்தார். ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் பாதை வேலைக்கு எட்டு ஆண்கள், மறுநாள் காலை லாரி வரும். மூன்றாவது பெயர் எங்கள் வீட்டுக்காரர். அதற்கு முன் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை, ஒரு ஆளும் திரும்பவில்லை. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

கிராணி நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். ஓடி ஒளிந்தால் லயத்தையே கொளுத்துவான் என்றார். ஜப்பான்காரனுக்கு ஒன்றே ஒன்றுதான் பயம், தொத்துநோய், அதுவும் நினைத்த நேரத்தில் வருமா என்று தலையில் கை வைத்தார். மாஸ்டர் அதுவரை சுவரில் விழுந்த நிழலைப் பார்த்துக் கொண்டிருந்தவர், திரும்பினார்.

"நோயை என்னால கொண்டு வர முடியாது கிராணி. நோய் இருக்கிற எடத்தைக் கொண்டு வர முடியும்."

தோட்டத்து ஆஸ்பத்திரி என்று ஒரு பலகைக் கொட்டகை, கால் வைத்துத் தூக்கிக் கட்டினது. மருந்தும் கிடையாது, மருந்து கட்டுகிற டிரெசரும் ஓடிப் போயாச்சு. விடிந்ததும் மாஸ்டர் அதன் ஜன்னல்களை எல்லாம் பச்சை வாழையிலையால் அடைத்தார். வெயில் ஏறினதும் உள்ளே போய்ப் பார்த்தேன். என் கையே எனக்குப் பிணத்தின் கை மாதிரி இருந்தது.

எட்டுப் பேரும் படுத்தார்கள். முனியன் என்று ஒருவர், முன்பு கூத்து கட்டினவர், ஐயோ அம்மா என்று உருண்டு புரண்டு சாக ஆரம்பித்தார். மாஸ்டருக்குக் கோபம் வந்து விட்டது.

"நீ சாவ வேணாம்யா. சும்மா படு. சாவற வேலையை வெளிச்சம் பாத்துக்கும்."

புளித்துப் போன ரப்பர் பால் ஒரு வாளி கொண்டு வந்து வைக்கட்டுமா, நாற்றத்துக்கே ஓடி விடுவான் என்று கிராணி கேட்டார். மாஸ்டர் கேட்கக் கூடாத வார்த்தையைக் கேட்டது போல அவரைப் பார்த்தார். படத்தில் நாற்றம் கிடையாது என்று சொல்லி விட்டார்.

கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. ஒரு முகத்தில் அடித்தால் போதும், மற்ற ஏழு பேருக்கும் இருட்டு நடிக்கும் என்று ஒவ்வொரு முகமாகத் தாடையைத் திருப்பிப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரரிடம் வந்ததும் நின்றார். நல்ல எலும்பு, நல்ல குழி என்றார். என் வீட்டுக்காரரை அழகன் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதலும் கடைசியும். பின்சுவரில் கீழ்ப்பலகை ஒன்றைக் கழற்றி, உள்ளே பார்க்கிற மாதிரி என்னை வெளியே அந்தச் சந்தில் உட்கார வைத்து, கண்ணாடியை என் கையில் கொடுத்தார். தகரத்தில் ஒரு தட்டுத் தட்டுவேன், வெயிலை உள்ளே திருப்பு, என்ன நடந்தாலும் சத்தம் மட்டும் போடாதே, சத்தம் என் வேலை. இதைச் சொல்லி விட்டு அவர் கொட்டகையின் பலகைத் தரைக்கு அடியில் நுழைந்து கொண்டார்.

லாரி வந்தது. பூட்ஸ் சத்தம் வாசலில் நின்றது. கீழேயிருந்து மாஸ்டர் ஆரம்பித்தார். டின்னில் ஒரு சொட்டுத் தண்ணீர், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. தகரத்தில் ஈர்க்கு உரசுகிற சத்தம், நெஞ்சில் சளி கட்டினவன் மூச்சு இழுப்பது போல. மூச்சு இழுக்கும், நிற்கும். மறுபடி இழுக்கும். ஜப்பான்காரன் கைக்குட்டையை மூக்கில் வைத்தான். ஆனால் போகவில்லை. எங்கள் வீட்டுக்காரரைக் காட்டிக் கிராணியிடம் ஏதோ கேட்டான், ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தான்.

தகரத்தில் தட்டு விழுந்தது. வெயிலைத் திருப்பினேன்.

இலை நானே அறுத்துக் கொடுத்த இலை. கண்ணாடி என் கையில். எல்லாம் தெரியும். ஆனால் அந்த முகம் கீழ்வெளிச்சத்தில் தெரிந்தபோது எங்கள் வீட்டுக்காரர் கண் குழிந்து, பல் தெரிய, மூன்று நாள் முந்திச் செத்தவர் மாதிரி கிடந்தார். மூச்சுச் சத்தம் நின்றது. அடுத்தது வரவில்லை.

"என்னை விட்டுட்டுப் போயிடாதய்யா" என்று கத்தி விட்டேன். கத்தினதில் கண்ணாடி ஆடி, வெளிச்சமும் அவர் முகத்தில் ஆடியது.

உள்ளே வைத்த கால் வெளியே போனது. லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. வெறும் லாரி.

மாஸ்டர் உடம்பெல்லாம் மண்ணோடு வெளியே வந்தார். கையில் ஒரு சீப்பு, அதன் மேல் காகிதம். ஈ மொய்க்கிற சத்தத்துக்கு வைத்திருந்தாராம். "அவசரக்காரன். நல்ல சாமான் இனிமேதான் இருந்துச்சு" என்று லாரி போன பக்கம் திட்டினார். எங்கள் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, யாருடி செத்தது என்று கேட்டார். முதுகில் ஒன்று வைத்தேன்.

சொன்ன பேச்சு மீறினதற்கு எனக்கும் திட்டு விழும் என்று தலை குனிந்து நின்றேன். மாஸ்டர் கண்ணாடியை வாங்கித் துடைத்தார்.

"இத்தனை வருசமா அந்தச் சத்தத்தைத் தேடிக்கிட்டு இருந்தேம்மா. என் தகரத்துல அது வரல."

அன்றைக்கு எட்டுப் பேரைக் காப்பாற்றின வெளிச்சம் இந்தக் கையில் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

சண்டை முடிந்ததும் அவர் சிரம்பானுக்கே போய் விட்டார், பழைய வேலைக்கு. நானும் வீட்டுக்காரரும் ஒரு தடவை அந்தக் கொட்டகைக்குப் போனோம். என்ன படம் என்று கேட்காதீர்கள். எல்லோரும் திரையைப் பார்த்து அழுது கொண்டிருந்தார்கள், நான் திரும்பி உட்கார்ந்து, பின்சுவரில் வெளிச்சம் வருகிற அந்தச் சின்ன ஓட்டையையே பார்த்துக் கொண்டிருந்தேன்.

சரி பேத்திக் கண்ணு, எழுதி முடிச்சாச்சு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, தபால்ல போடறதுக்கு முன்னால இதை எனக்கு வாசிச்சுக் காட்டு. அவர் வர்ற எடத்துல மட்டும் மெதுவா வாசி.