ரிஜெக்ட் அண்ணனின் செஞ்சிக் குதிரைப்படை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ரிஜெக்ட் அண்ணன் குறை சொல்லாமல் விட்ட பொருள் ஒன்றுகூடக் கிடையாது. நான் ஸ்டோரில் வேலை பார்த்த பம்பு கம்பெனியில் அவர்தான் தரப் பரிசோதகர். கேன்டீன் இட்லியைக்கூட வெர்னியரில் அளந்து, "இன்னாய்யா இது, ஒரு பக்கம் ரெண்டு மில்லி எறக்கமா கீது?" என்று திருப்பி அனுப்புவார்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கட்டைவிரல் உயர ஈயக் குதிரை வீரர்கள். மேசைமேல் படைகளை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டாம். தபாலில் வரும் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் தொப்பியை அறுத்து, பசைமாவில் தலைப்பாகை கட்டி, பூட்ஸை அரத்தால் ராவி வெறுங்காலாக்கி, பெயின்ட் அடித்து, செஞ்சிக்கோட்டைக் குதிரைப்படையில் சேர்த்துவிடுவார். ஒருமுறை, "தலைப்பாகை நாலு சுத்தோ அஞ்சு சுத்தோ, எவன்ணே எண்ணப் போறான்?" என்று கேட்டுவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இரண்டு வருடம் பாடுபட்டு நாற்பது பேரைத் தேற்றினார். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் போட்டி. சனிக்கிழமை காலை, ஒற்றை முடி பிரஷால் நாற்பது நெற்றியிலும் குங்குமம் வைத்து, வார்னிஷ் அடித்து, தூசி இல்லாத இடமென்று பரிசோதனை அறையிலேயே தட்டில் காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

எங்கள் கம்பெனியில் சிவப்புப் பொட்டு வைத்த பொருள் ரிஜெக்ட்; நேரே ஸ்கிராப்புக்குப் போகவேண்டும். மூன்று நாள் முன்பு வேலைக்குச் சேர்ந்த எலிசபெத் அக்காவுக்கு அதைத் தொண்டை கிழியக் கற்றுக்கொடுத்தவரே அண்ணன்தான். அக்காவும் அவர் சொல்லிக்கொடுத்தபடியே செய்தார். நாற்பது குதிரையும் இரும்புச் சீவலோடு லாரி ஏறின. லாரி போவது இரும்பு உருக்கும் உலைக்கு.

அண்ணன் வந்து வெறும் தட்டைப் பார்த்தார். அந்தத் தொப்பையோடு ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. கேட்டருகே லாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"இன்னா நைனா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?" என்றார் டிரைவர்.

"உள்ள என் படை கீதுய்யா!"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் பரிதாபமாகத் தலையாட்டினேன்.

லோடை முற்றத்தில் கொட்டினார்கள். சீவலுக்குள் கையை விட்டால் ரத்தம்தான் வரும். அண்ணன் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதுகொண்டே வந்த எலிசபெத் அக்காதான், "ஏண்ணே, காந்தம் வச்சுத் தூக்கினா இரும்பெல்லாம் ஒட்டிக்கும். ஈயம் ஒட்டாதில்ல? உங்க ஆளுங்க கீழயே தங்கிடுவாங்க" என்றார்.

பெரிய காந்தம் வந்தது. தூக்கத் தூக்க, சீவலுக்கு அடியிலிருந்து படை வெளிப்பட்டது. வாள் வளைந்தது, கால் ஒடிந்தது எல்லாம் சேர்த்து நாற்பது. அன்று கேன்டீனே பசை டியூபோடு உட்கார்ந்து குதிரைக்குக் கால் ஒட்டியது.

போட்டியில் செஞ்சிப்படை முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியது. அடுத்த வாரம் அண்ணன் எலிசபெத் அக்காவைக் கூப்பிட்டு ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே நாற்பத்தோராவது குதிரை. அதன்மேல் நீலச் சீருடையும் மஞ்சள் ஹெல்மெட்டுமாக ஒரு பெண்மணி. கையில் வாளுக்குப் பதில் லாடக் காந்தம்.

"செஞ்சியில ஏதுண்ணே ஹெல்மெட்டு?" என்று சீண்டினேன்.

"சும்மா இருய்யா. இந்தம்மா இல்லன்னா என் செஞ்சியே இல்ல" என்றார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.