பூனைக்கு விழுந்து கும்பிட்ட கிராணி

வெண்மலை எஸ்டேட்,
தானா ராத்தா வழி,
12.3.1978

கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டமும் நல்ல பேரும் வைத்திருக்கும் முருகையா அவர்களுக்கு, எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நாகரத்தினம் கைகூப்பி எழுதுவது. சம்பந்தி என்று எழுதத்தான் ஆசை, தைரியம் வரவில்லை. இங்கே எல்லாரும் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர.

உங்கள் மகனுக்கு என் மகள் அம்சவல்லியைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனீர்கள், இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அன்று தண்ணீர் எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். கோழிக்கூட்டின் மேல் மஞ்சள் உடம்பும் கறுப்புப் புள்ளியுமாக ஒன்று உட்கார்ந்து என்னையே பார்த்தது. எங்கள் தோட்டத்தில் புலி, சிறுத்தையைப் பேர் சொல்லமாட்டோம், 'பெரியவர்' என்போம், கண்டால் கும்பிட்டு வழிவிடுவோம். நானும் புது வேட்டியோடு சேற்றில் குப்புற விழுந்து, "பெரியவரே, நான் புள்ளகுட்டிக்காரன், கிராணி வேலைக்கும் வேற ஆளு இல்லலா, விட்டுடுங்க" என்று கதறினேன். நீங்கள் எல்லாரும் ஹாலிலிருந்து ஓடிவந்தபோது வேலி தாண்டி ஓடியது காட்டுப்பூனை. உங்கள் சம்சாரம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள், நான் கவனித்தேன்.

பள்ளிக்கூட வாத்தியார் மாடசாமிதான் ஆறுதல் சொன்னார். மெக்சிகோ பக்கம் ஓசலாட் என்று ஒரு புள்ளிப் பூனை இருக்கிறதாம். அந்தப் பேரை அங்கத்திய ஆதிகுடிகள் பெரிய புள்ளிப்புலிக்குத்தான் வைத்திருந்தார்களாம். பிற்பாடு ஒரு வெள்ளைக்காரப் படிப்பாளி அதைத் தூக்கிப் பூனை தலையில் கட்டிவிட்டார். அவர் செய்தால் விஞ்ஞானம், நான் செய்தால் கோழைத்தனமா? சரி, கோழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்சவல்லி என்னைப்போல இல்லை, அவளுடைய அம்மாவைப்போல. என் புத்திக்காக அவளை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். காலில் விழவும் தயார், இப்போது பழக்கமாகிவிட்டது.

உங்கள் குடும்பமும் கோஸும் தக்காளியும் செழிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பதிலுக்கு ஏங்கும்
நாகரத்தினம்

பின்குறிப்பு: தபாலில் போடக் கொடுத்தால் அம்சவல்லி பிரித்துப் படித்துவிட்டாள். "நீங்க கண்ண மூடிக் கெடந்தீங்க, ஒண்ணும் பாக்கல. கை கழுவக் கொல்லைக்கு வந்த மாப்பிள்ள என் பின்னால ஒளிஞ்சிக்கிட்டாரு, வெளக்கமாத்த எடுத்து அந்தப் பூனைய வெரட்டுனது நாந்தான். நீங்க எதுக்குப்பா கெஞ்சுறீங்க?" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். நாங்கள் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்.