நல்ல நேரத்தில் திறந்த சர்வர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கு அடுத்தபடியாக, ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்துப் பேரூராட்சி ஒன்று சொந்தமாக சர்வர் வாங்கியது. நடுவில் நடந்ததெல்லாம் சில்லறை விஷயம். (பேரூராட்சியின் பெயர் வேண்டாம். அவர்களுக்குப் புகழ்ச்சி பிடிக்காது.)

'மக்கள் குரல்' என்று திட்டத்துக்குப் பெயர். வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் புகார் கொடுக்கலாம், அந்தக் கணமே பதில் வரும். அதற்கான கணினி நிரலை எழுதியவள் ஒப்பந்த ஆபரேட்டர் சுகன்யா. அவள் தெருக் குழாயில் சித்திரையிலிருந்து காற்றுதான் வருகிறது. தினம் அடுத்த தெருவிலிருந்து குடம் சுமந்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். இந்தத் திட்டம் வந்தாலாவது தண்ணீர் வந்துவிடாதா என்று பாவம், நம்பினாள்.

திறப்பு விழா அமர்க்களம். சர்வருக்கு நெற்றி எந்தப் பக்கம் என்பதில் சிறு கருத்து வேறுபாடு எழுந்ததால், நாலு பக்கமும் சந்தனம் வைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த பெரியவர் பொத்தானை அழுத்தினார். புகார்ப் படிவம் வர வேண்டிய இடத்தில் டாலர் குறியும் அடைப்புக்குறியுமாகச் சரம் சரமாகக் கொட்டியது. விருந்தினர்கள் கை தட்டினார்கள்.

சுகன்யா ஓடிப்போய்ப் பார்த்தாள். கொட்டியது அவள் எழுதிய நிரலேதான். பி.எச்.பி. என்ற கணினி மொழியில் எழுதிய நிரலை ஓட்டச் சொல்லும் ஒரு வரி, சர்வரின் அமைப்புக் கோப்பில் விட்டுப்போயிருந்தது. சாப்பாட்டுக்குப் பதில் சமையல் குறிப்பை இலையில் வைத்த கதை. வரியைச் சேர்த்துவிட்டாள். ஆனால் சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால்தான் அது வேலை செய்யும்.

"தலைவருங்களே, ஒரு தடவ ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட் பண்ணோணுங்க."

பேரூராட்சித் தலைவர் மாதேஸ்வரன் காதைப் பொத்திக்கொண்டார். "பெரியவர் கையால நல்ல நேரத்துல ஆரம்பிச்சதம்மா! நிறுத்தறதாவது?"

"ரெண்டு நிமிஷந்தானுங்க."

"நீ ரெண்டு நிமிஷம் மூச்ச நிறுத்திப் பாரேன்."

அவசரக் கூட்டம் கூடியது. ஆளுக்கொரு தட்டுவடை செட் தின்று முடித்த பின் தீர்மானம் நிறைவேறியது: நிரலை மக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருப்பதே 'வெளிப்படையான நிர்வாகம்'.

"சனங்களுக்குப் புரியலீன்னா?" என்றார் ஒரு கவுன்சிலர்.

"புரியாம இருந்தாத்தானுங்க அது நிர்வாகம்" என்றார் தலைவர். பலத்த கரவொலி.

மறுநாள், சுகன்யாவின் பக்கத்து வீட்டு மயிலம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள். தறி ஓட்டுகிறவள். ஒரு கையில் காலிக்குடம், மறு கையில் செல்போன்.

"ஏஞ் சாமி, இந்த டாலரெல்லாம் எனக்குத் தெரியாது. நடுவுல தமிழ்ல ஒண்ணு எழுதியிருக்குது, அத மட்டும் படிச்சேன்" என்று தலைவர் முன்னாலேயே உரக்க வாசித்தாள். "'எந்தப் புகார் வந்தாலும், தீவிரப் பரிசீலனையில் உள்ளது எனக் காட்டு. உடனே புகாரை அழி. தலைவர் உத்தரவு.'"

சுகன்யாவுக்குக் காது சுட்டது. மறக்காமலிருக்க அவளே நிரலுக்குள் எழுதிவைத்த குறிப்பு அது. விழா முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று தலைவர் சொல்லியிருந்தார்.

"தெருவே படிச்சுக்கிட்டிருக்குதுங்க" என்றாள் மயிலம்மாள்.

"சுகன்யா, நிறுத்தும்மா அத!"

"இப்ப ராகு காலமுங்க."

"ராகுவாவது கேதுவாவது! நிறுத்து!"

நிறுத்தித் தொடங்கினாள். புகார் வந்த அன்றே நடவடிக்கை எடுப்பது, அந்த அலுவலக வரலாற்றில் அதுவே முதல் முறை. திரையில் லட்சணமாகப் படிவம் வந்தது.

"விழாதான் முடிஞ்சுதுங்களே. அந்த வரிய மாத்திரட்டுங்களா?" என்றாள் சுகன்யா.

"ஓடறத எதுக்கும்மா நோண்டற? அக்கா, இப்பக் குடுங்க உங்க புகார!"

மயிலம்மாள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தட்டினாள். விரலை எடுக்குமுன் பதில் வந்தது: 'தங்கள் புகார் தீவிரப் பரிசீலனையில் உள்ளது.'

தலைவருக்கு உச்சி குளிர்ந்தது. "பாத்தீங்களா வேகத்த! இப்பத்தான் மிஷின் சரியாச்சு."

மயிலம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"ஆமாங்க தலைவரே. கெட்டுக் கெடந்தவரைக்கும் உண்மையப் பேசிட்டிருந்துச்சுங்க. சரி பண்ணுனீங்க, இப்ப உங்களாட்டமே பேசுது."