அசையாத பேராசிரியரும் அலைந்த கேமராவும்

ஏ.சி. அறையில் உட்கார்ந்து போடுகிற திட்டம் எதுவும், அந்த அறையை விட்டு வெளியே வரும்வரை தோற்பதில்லை. பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன்.

நசரத்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கணினிப் பிரிவில் இருந்தேன். பாடம் நடத்தத் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று திட்டம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (கூட்டத்துக்கு வராதவன் தலையில்தான் இதெல்லாம் விழும். நான் அன்று லீவு.) அறை அறையாகப் போய் ஒயர், பிளக் பாயின்ட், வைஃபை எல்லாம் பார்த்தேன். வகுப்பு நடக்கும்போது மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காலி அறையில் வேலை சுலபம்.

என் திட்டத்தின் மகுடம், தானாகத் திரும்பிப் படம்பிடிக்கும் கேமரா. எது அசைகிறதோ அதன் பின்னால் போகும். வகுப்பில் வாத்தியார்தானே அசைவார் என்று நினைத்தேன்.

வெள்ளோட்டத்துக்குக் கணிதப் பேராசிரியர் சுந்தரமூர்த்தியைப் பிடித்தேன். காரணம் கணிதம் இல்லை, அவர் மகள் கவிதா. நூலகத்தில் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்வதென்று நாங்கள் முடிவெடுத்து, அவள் வீட்டில் சொல்லியும் ஆகிவிட்டது. "பாக்கலாம்" என்ற பேராசிரியர் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை.

"அப்பாவைப் பெரிய திரையில நல்லா காட்டு. உருகிடுவாரு" என்றாள் கவிதா. பாரிவாக்கத்தில் அவள் அம்மா முதல் ஆவடி அத்தை வரை எல்லோருக்கும் நேரலை லிங்க்கையும் என் போட்டோவையும் அனுப்பிவைத்தாள்.

செமினார் ஹாலில் துணைவேந்தர் முன்வரிசையில். நான் திரைக்குப் பக்கத்தில், புதுச் சட்டையில். திரையில், பேராசிரியர் சட்டையில் மைக்கோடு கம்பீரமாகத் தன் வகுப்புக்குள் நடந்து வந்தார். கேமராவும் கூடவே வந்தது. ஹாலில் கைதட்டல். பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நோட்ஸைப் பிரித்து, குனிந்து வாசிக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் உதட்டைத் தவிர அவரிடம் எதுவும் அசையவில்லை.

கேமரா கொஞ்ச நேரம் பொறுத்தது. பிறகு வேறு ஆள் தேடிப் போனது. கடைசி பெஞ்சில் ஒருவன் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தான். திரை முழுக்க லெமன் சாதம். "பூஜ்ஜியத்தை நெருங்கிக்கிட்டே போகும், ஆனா தொடாது" என்றது பேராசிரியரின் குரல். பையன் பாக்ஸை வழித்தே முடித்துவிட்டான்.

கல்யாணம் போச்சு. வகுப்பு வாசலில் இருந்த அட்டெண்டர் மணிக்கு போன் போட்டேன்.

"அண்ணே, சாரைக் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க!"

"இன்னா சார் நீ! அவுரு குந்திட்டார்னா பெல்லு அட்ச்சாதான் எய்ந்திருப்பாரு."

நானே வகுப்புக்கு ஓடினேன். கேமராவுக்குத் தெரியாமல் குனிந்து நுழைந்ததாக நினைப்பு. அந்த அறையிலேயே வேகமாக அசைந்த ஜீவன் நான்தான். இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம். வலப்பக்கம் போனால் வலப்பக்கம்.

"சார், கொஞ்சம் நடங்க சார்!" என்று கும்பிட்டேன்.

"நான் எதுக்குய்யா நடக்கணும்?"

"கேமராவுக்காக சார்!"

கெஞ்சிக்கொண்டே முன்னால் போனவன், மேடையில் ஓடிய ஒயரில் தடுக்கி அவர் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். (அந்த ஒயரை அங்கே போடச் சொன்னதும் நான்தான்.)

"எழுந்திருய்யா, எல்லாரும் பாக்கறாங்க!" என்றார் அவர்.

பார்த்தார்கள். மைக் அவர் குரலை மட்டும்தான் எடுத்தது. ஒரு பையன் கைகூப்பிக் கெஞ்சுகிறான், காலில் விழுகிறான். ஆவடி அத்தைக்கு அது போதும். "பையன் கால்ல விழுந்து பொண்ணு கேக்கறான், இந்த மனுஷன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரே!" என்று சொந்தம் முழுக்க போன் போட்டுவிட்டார்.

துணைவேந்தர் திட்டத்தைத் திருப்பி அனுப்பினார்: "முதலில் வகுப்புகளில் போய் உட்காரவும்." பேராசிரியரோ மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செத்தேன் என்றுதான் போனேன்.

"மாப்பிள்ளை பாக்க யாரும் தனியா வரவேண்டாமாம். எல்லாரும் பாத்துட்டாங்களாம்" என்றார், எரிச்சலோடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது அவருக்குச் சர்க்கரை. தினமும் நடக்கச் சொன்ன டாக்டரிடம் அவர் சொன்ன பதிலை, வீட்டுக்கு யார் வந்தாலும் கவிதா சொல்லிக் காட்டுகிறாள்:

"என் மாப்பிள்ளை கால்ல விழுந்து கேட்டப்பவே நான் நடக்கலை. நீங்க சும்மா சீட்டுல எழுதிக் குடுத்தா நடந்துடுவேனா, டாக்டர்?"