ஒரே பாதை, அதுவும் நேர்ப்பாதை

வழி தவறிப்போக நாலு தெருவாவது பிரிய வேண்டும் என்று நினைப்பவர்கள் என்னைச் சந்தித்ததில்லை. எனக்கு ஒரே பாதை போதும். அது நேர்ப்பாதையாக இருந்துவிட்டால் இன்னும் வசதி. இதில் கூடுதல் பெருமை என்னவென்றால், அப்போது நான் சவூதியின் தம்மாமில் ரயில் தண்டவாளம் போடும் கம்பெனியில் சூப்பர்வைசர். பாதை கோணாமல் போகிறதா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரில் எனக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. பெண். அவளை நான் போன் திரையில்தான் பார்த்திருந்தேன். (அதிலும் பாதி நேரம் என் மனைவி கயல்விழி கேமராவைத் தவறாகப் பிடித்து மின்விசிறியைத்தான் காட்டுவாள்.) லைன் முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாது என்று மேனேஜர் ஹம்தி சொல்லிவிட்டார். எகிப்துக்காரர். அவர் ‘மாஃபி’ என்றால் இல்லை என்று அர்த்தம். பேசாமல் புருவத்தைத் தூக்கினாலும் அதே அர்த்தம்தான்.

அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தொழிலாளர் நலனுக்காக ஒவ்வொரு சைட்டிலும் நடைப்பயணம் நடத்தி, சிரித்த முகத்தோடு போட்டோ அனுப்ப வேண்டுமாம். (வாரம் முழுக்க வெயிலில் நடக்கிறவனுக்கு விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையும் நடை! இதை யோசித்தவர் ஏசி அறையில்தான் இருந்திருப்பார்.) யார் பொறுப்பெடுப்பது என்று ஹம்தி கேட்டபோது எல்லோரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

“நான் நடத்துறேன் சார். எனக்கு லீவு மட்டும் கொடுங்க.”

அவருடைய அரபி கலந்த இங்கிலீஷைத் தமிழில் தருகிறேன்: “ஒருத்தன்கூடப் பாதியில் நிற்காமல் எல்லோரையும் கடைசி முனைவரை நடத்திக் கொண்டுவா. லீவு உனக்கு.”

நடைக்குத் தேர்ந்தெடுத்த இடம், எந்தக் காலத்திலோ கடலோரமாக ரயில் ஓடி நின்றுபோன பாதை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதையாக்கியிருந்தார்கள். போகும்போது இடப்பக்கம் கடலும் அலையாத்திக் காடும், வலப்பக்கம் நாணல் மண்டிய சதுப்பும் வரும். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, குறுக்கே ஒரு சந்துகூட இல்லை. நட்டநடுவில் நிழலுக்கு ஒரு கொட்டகை. பஸ் எங்களை இந்த முனையில் இறக்கிவிட்டு அந்த முனைக்குப் போய்விடும். அங்கே ஹம்தி, மந்தி என்கிற அரபு பிரியாணியோடு காத்திருப்பார். “கண்ணைக் கட்டி விட்டாலும் நடப்பேன்” என்று முந்தின நாளே கேம்ப் மெஸ்ஸில் நான் அறிவித்திருந்தேன்.

காலையில் நடை அருமையாகத்தான் ஆரம்பித்தது. மணலையும் சிமெண்டையும் மட்டுமே பார்த்த எங்களுக்கு அத்தனை பச்சையை ஒரே இடத்தில் பார்த்ததும் கை தானாகப் போனை எடுத்துப் படம் பிடித்தது. சதுப்பில் பூநாரைகள் ஒற்றைக் காலில் வரிசையாக நின்றன. வெல்டர் மரியதாசன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“அண்ணே, காலையில நம்ம கேம்ப் பாத்ரூம் வாசல்ல நிக்க மாதிரியே நிக்கில்லா?”

கொட்டகையில் உட்கார்ந்து பரோட்டாவும் டீயும் முடித்தோம். அதற்குள் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. அப்போது பார்த்து கயல்விழியின் வீடியோ கால். சிக்னல் தேடிக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அபூர்வமாகக் கேமரா சரியாக இருந்தது. குழந்தை என்னைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள். அதுதான் முதல் சிரிப்பு. லைன் கட்டானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. “யல்லா! கிளம்புங்க!” என்று கத்திக்கொண்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

கொஞ்ச தூரத்தில் மரியதாசன் பக்கத்தில் வந்தான். “அண்ணே, கடலு மொதல்ல இடது கைப்பக்கம்லா கெடந்துச்சு? இப்ப வலது பக்கம் சத்தம் கேக்கு.”

“கரை வளையுது தம்பி. கடல்தான் இந்தப் பக்கம் வந்துருக்கு. நாம நேராத்தான் போறோம்.”

“அப்படியாண்ணே” என்று ஏற்றுக்கொண்டான். (அவன் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவன். நான் புதுக்கோட்டைக்காரன். கடலைப் பற்றி நான் அவனுக்குப் பாடம் எடுத்தேன்.)

வழியில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. “இப்படிப்பட்ட இடத்துல குப்பை போடுறானே, இவனெல்லாம் மனுஷனா?” என்று திட்டி நானே பொறுக்கினேன். (காலையில் ஆரஞ்சு தின்றது நான்தான்.)

கடைசியில் பனிக்குள் ஒரு கேட் தெரிந்தது. கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒருத்தன்கூடப் பாதியில் நிற்கவில்லை! ஒரு கல்லில் ஏறி நின்று சின்னதாகச் சொற்பொழிவு ஆற்றினேன். “ரயில்காரன் கால் வச்சா எந்தப் பாதையும் முடிஞ்சுதான் ஆகணும்” என்றெல்லாம் பேசியதாக ஞாபகம். விசில் பறந்தது. போர்டுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்தோம். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கவில்லை. ஜெயித்தவன் எதற்குப் படிக்க வேண்டும்?

ஹம்தி போனில் வந்தார். “எங்கே இருக்கிறீர்கள்?”

“முடிச்சிட்டோம் சார்! கடைசி முனையில நிக்கிறோம். உங்களைத்தான் காணோம்.”

“கடைசி முனையில் நிற்பது நான்.”

“பனி சார். கையை ஆட்டுங்க, பாக்கலாம்.”

அவரும் ஆட்டியிருப்பார் போல. நானும் ஆட்டினேன். அப்போது கேபினிலிருந்து வாட்ச்மேன் எட்டிப்பார்த்தார். காலையில் எங்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்ட அதே வாட்ச்மேன்.

“க்யா பாய், குச் பூல் கயா?” ஏதாவது மறந்து வைத்துவிட்டீர்களா என்று அக்கறையாக விசாரித்தார்.

எனக்கு விஷயம் புரிந்தபோது ஹம்திக்கும் புரிந்துவிட்டது. “கலாஸ்! எல்லாம் முடிந்தது. பஸ் அனுப்புகிறேன். ஏறி கேம்புக்குப் போங்கள்.” போன் வைக்கப்பட்டது. நான் சொற்பொழிவாற்றிய அதே கல்லில் உட்கார்ந்தேன். குழந்தையின் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மரியதாசன் எதிரில் வந்து நின்றான். “பஸ்ஸுல போனா லீவு தருவாராண்ணே?”

“மாட்டாரு.”

“அப்ப எந்திரிங்க. கடைசி வரைக்கும் நடக்கணும்னுதான சொன்னாரு? எத்தன தடவன்னு சொல்லலல்லா? நம்ம புள்ளயப் பாக்கணும்.”

‘உங்க புள்ள’ என்று அவன் சொல்லவில்லை. ஒவ்வொருவராக ஷூ லேஸை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: “இவர நடுவுல விட்டு நடங்கடா. முன்னால விட்டா திரும்பியும் இங்கதான் வருவாரு.”

பஸ் வேண்டாம் என்று டிரைவருக்குப் போனில் சொல்லிவிட்டு நடந்தோம். பனி விலகி வெயில் வந்தது. கடல் ஒழுங்காக இடப்பக்கம் இருந்தது. குதிகால் தோலுரிந்து நொண்டியவனை இரண்டு பேர் தோளில் தாங்கிக்கொண்டார்கள். கொட்டகை வந்தபோது என்னை யாரும் உட்காரக்கூட விடவில்லை.

மதியம் தாண்டி அந்த முனையில் நாங்கள் கூச்சல் போட்டுக்கொண்டு நுழைந்தோம். ஆறிப்போன பிரியாணிப் பாத்திரங்களுக்கு நடுவே ஹம்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“பாதியில் நின்றவன்?”

“மாஃபி சார்!” என்றோம் எல்லோரும் ஒரே குரலில்.

அவர் மீசை துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பஸ் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து என் தோளில் கை போட்டார்.

“நேர்ப்பாதையில் திரும்பி வந்த ஆள் என் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஆபத்து. ஒரு மாதம் ஊருக்குப் போ. அதற்குள் நாங்கள் லைனை நேராகப் போட்டு முடித்துவிடுகிறோம்.”

என்னைத் தூக்கிப்போட்டுப் பிடித்தார்கள். அந்த ஆறிய பிரியாணியைப் போல ருசியான சாப்பாட்டை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை.

நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் மரியதாசன் போன் போட்டு கயல்விழிக்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டான். இன்று என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். லீவில் ஊருக்குப் போனால், நான் சாப்பிட்டுவிட்டு எழுந்ததும் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துத் திருப்புவாள்.

“கை கழுவுற எடம் இந்தப் பக்கம்ப்பா!”

“நல்லாப் புடிச்சுக்க பாப்பா” என்பாள் கயல்விழி உள்ளேயிருந்து. “வாசப்பக்கம் விட்டா தம்மாமுக்கே போயிருவாரு.”

மகள் இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். இப்போதெல்லாம் நான் சாப்பிட்டு எழுந்ததும் வேண்டுமென்றே வாசல் பக்கம்தான் நடக்கிறேன்.